கேரளத்துச் சைலன்ட் வேலி காடு, சைரந்திரி நடை: போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பீளமேடுவாசி
முக்காலியில் ஜீப் ஏறி 23 கிலோமீட்டர் குலுங்கிப் போய், சைரந்திரியில் காட்டைப் பார்க்கும் கோபுரத்தில் எல்லோரும் செல்ஃபி எடுத்து முடித்த பிறகு ஆற்றுக்கு இறங்கும் பாதை இருக்கிறதே, ஒன்றரை கிலோமீட்டர்தான், என் மாமியாரே செருப்போடு நடந்தார், அங்கே நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். தோளில் பொத்தென்று ஏதோ விழுந்தது. வெடிப்பலா என்கிற காட்டு மரத்துக் காயின் தோல், முள் முள்ளாக, உள்பக்கம் ஈரம் காயவில்லை. மேலே ஒரு சிங்கவால் குரங்கு, வயிற்றில் குட்டி தொங்க, அடுத்த காயைப் பிளந்துகொண்டிருக்கிறது. விதையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு எங்களை ஒரு பார்வை, அப்புறம் மறுபடியும் காய். அந்த நேரம் பார்த்து அடுத்த ஜீப்பில் வந்த ஒருவர் விசில் அடித்தார். குட்டியோடு கிளை மாறிப் போயே போய்விட்டது. அந்த விசிலை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

காட்டுப்பிரியன்
சிங்கவால்தானா, நன்றாகப் பார்த்தீர்களா? அங்கே போகிற பாதிப் பேர் கருமந்தி என்கிற இன்னொரு கறுப்புக் குரங்கைப் பார்த்துவிட்டுச் சிங்கவால் என்று ஊருக்குள் சொல்கிறார்கள். கருமந்திக்கு வால் நீளம், தலைமுடி பழுப்பு. சிங்கவாலுக்கு முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் குட்டை, நுனியில் குஞ்சம். நான் போனபோது கருமந்தி குரல் மட்டும்தான் கேட்டது, அதுவும் தூரத்தில். நமக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

மலைநாட்டு மருமகள்
காட்டுப்பிரியன் சார், அவர் எழுதியதைச் சரியாகப் படியுங்கள். விதையைக் கன்னத்தில் அடக்கியது என்கிறார். கருமந்திக்குக் கன்னப்பையே கிடையாது. சிங்கவாலுக்குத்தான் உண்டு. அப்புறம் என்ன சந்தேகம்?

என் கதை குரங்கு இல்லை, அப்பா. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே குந்திப்புழை ஆற்றில் மின்சாரத்துக்காகக் கட்டவிருந்த அணைத் திட்டத்தை 1983இல் கைவிட்டதை இன்று வரை மன்னிக்காதவர். 'நாலு குரங்குக்காகக் கரண்ட்டை விட்டார்கள்' என்பார். அவரைக் கூட்டிப்போனோம். குந்திப்புழைக்கு மேல் நின்று, அணை எங்கே வருவதாக இருந்தது என்று வழிகாட்டியிடம் கேட்டார். அவர் கையை நீட்டிக் காட்டினார். தண்ணீர் எதுவரை ஏறியிருக்கும் என்று அடுத்த கேள்வி. நாங்கள் நடந்து வந்த சரிவு, மரம், எல்லாவற்றையும் சேர்த்துக் கை போனது. அப்பா பேசவே இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சரி, மனிதர் மாறிவிட்டார் என்று நினைத்தேன். முக்காலியில் டீ கையில் வந்ததும், 'இருந்தாலும் கட்டியிருக்கலாம்' என்றார்.

சின்னவேடம்பட்டி
அப்பா 😂
எனக்கு அட்டைதான் ஞாபகம். வெள்ளை சாக்ஸில் சிவப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது, வலியே இல்லை, அதுதான் பயம். ஒருவர் உப்பைக் கொட்டினார். பிறகுதான் எரிச்சலில் உயிர் போனது.

ஓய்வுபெற்ற வாத்தியார்
கடித்த இடத்தில் உப்பைக் கொட்டியவரைத்தான் முதலில் அட்டைக்குக் கொடுத்திருக்க வேண்டும். நகத்தை அட்டையின் வாய்ப்பக்கம் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளினால் கழன்றுவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும், பதற வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிப் பஞ்சை வைத்து அழுத்துங்கள். நெருக்கமாக நெய்த நீளமான சாக்ஸைப் பேன்ட்டுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. கோவையிலிருந்து போகிறவர்கள் ஆனைகட்டி வழியாக விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள், சொந்த வண்டியை உள்ளே விடமாட்டார்கள், ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டும். முன்பதிவு இருக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது. பளபளவென்று சட்டை வேண்டாம், சென்ட் வேண்டாம், பிஸ்கட் பாக்கெட்டைப் பைக்கு வெளியே எடுக்கவே வேண்டாம். நான் போன அன்று மழை, மூடுபனி, முன்னால் போனவர் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.