லயத்தைத் தேடி வருகிறவர்கள்

இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து, ஓர் ஆசிரியை:

லிப்டன் சீட் என்னும் மலை உச்சிக்குப் போகிறவர்கள் இருட்டோடு இருட்டாகத் தம்பேதன்னை வழியாக ஏறத் தொடங்கிவிடுவார்கள். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி கிளம்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும்; அதற்குள் பார்த்துவிட வேண்டும். ஹப்புத்தளையில் நின்றால் தெற்கே மலை சட்டென்று முறிந்து, தாழ்நாடு விரிந்து கிடக்கும். வானம் தெளிந்த நாளில் கடலே தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கும் அந்தக் காட்சி இன்னும் சலிக்கவில்லை. இருந்தாலும் நான் எழுத வந்தது, தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்த காம்பராவை, அதாவது அறையை, தேடி எங்கள் தோட்டத்துக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி.

தமிழ்நாட்டில் நீலகிரிக் கூடலூரிலிருந்து வந்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, அவருடைய மகன், மருமகள். அந்த அம்மா எழுபதுகளின் தொடக்கத்தில், சிறுமியாக, இங்கிருந்து போனவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று கணக்குப் போட்டது. மீதியிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதில் அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கின்றன. இந்த அம்மாவின் வீட்டாரும் ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, கடைசியில் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயும் கொழுந்துக் கூடைதான்.

தோட்டத்தின் பெயரும் அம்மாவின் நினைவும் தவிர அவர்கள் கையில் வேறொன்றும் இல்லை. "பீலிக்கு மேலே லயம், லயத்துக்கு மேலே கோயில், கோயிலடியில் ஒரு பெரிய மரம்" என்றார் அந்த அம்மா. பீலி என்றால் தண்ணீர் பிடிக்கும் குழாயடி. எந்தத் தோட்டத்தில்தான் இவை இல்லை? எங்கள் தோட்டம் மூன்று பிரிவுகளாக இருக்கிறது. மூன்றிலும் பீலி உண்டு, கோயில் உண்டு. எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கொடுத்தது. இந்தக் கைமாற்றத்தில் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் பெயர்ப் பதிவேடுகளான பழைய செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர்களைக் கடைசியிலிருக்கும் தொங்கல் லயத்து அப்பாயியிடம் (பாட்டியிடம்) கூட்டிப்போனேன். அப்பாயிக்கு எண்பது வயதுக்கு மேல். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். வந்தவரின் பெயரையோ அவருடைய அப்பாவின் பெயரையோ அவர் கேட்கவில்லை. "எந்தக் கங்காணி ஆட்கள்?" என்றுதான் கேட்டார். கங்காணி என்றால் தொழிலாளர்களைத் திரட்டி வேலை வாங்கியவர். அந்த அம்மா சொன்னார். அப்பாயி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கீழ்ப்பிரிவு. உன் அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கொழுந்து நிரை. மழையில் அவளுடைய படங்கைத்தான் நானும் போர்த்திக்கொள்வேன். நீ பிள்ளைக்காம்பராவில் (குழந்தைக் காப்பகத்தில்) கிடந்து கத்துவாய், இங்கே மலை வரைக்கும் கேட்கும்" என்றார். அந்த அம்மா அப்பாயியின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். மகனும் அழுதார், அவர் இந்த மண்ணைப் பார்த்தது அன்றுதான்.

அந்த லயம் இன்னும் இருக்கிறது. கூரைத் தகரம் மாறியிருக்கிறது, இஸ்தோப்பை (முன்திண்ணையை) அடைத்துச் சமையலறை ஆக்கியிருக்கிறார்கள். அந்த அம்மா பிறந்த காம்பராவில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அந்த வீட்டுப் பெண், "உங்கள் வீடுதானே, உள்ளே வாருங்கள் பெரியம்மா" என்று கூப்பிட்டு, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, சாயத்தண்ணீர் (பால் இல்லாத தேநீர்) கொடுத்தார்.

அப்பா ஸ்டோரில் (தேயிலை ஆலையில்) வேலை செய்தவர் என்பதால் ரோதமுனியைக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார் அந்த அம்மா. ஆலையின் இயந்திரச் சக்கரமான ரோதைக்குக் காவலாக நம் முன்னோர் வைத்த சாமி அது. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை தொடங்குமுன் கும்பிடும் கவ்வாத்துச்சாமியும் அப்படித்தான். வேலையில் கை போகாமல், உயிர் போகாமல் இருக்க வேண்டும் என்று இந்த மண்ணிலேயே உண்டான சாமிகள். ரோதமுனியாக நிற்கும் மூன்று கற்களுக்கு முன்னால் சூடம் கொளுத்தினோம். அதன் பிறகு அந்த அம்மா தன் பாட்டியைப் புதைத்த இடத்தைக் கேட்டார். அப்பாயி கையை நீட்டிக் காட்டிய இடத்தில் தேயிலைதான் நிற்கிறது.

இப்படி யாராவது உங்கள் பக்கமும் வந்திருந்தால் எழுதுங்கள்.

மாத்தளையிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்ததும் 2023 ஆகஸ்ட் நினைவுக்கு வந்தது. மலையகத் தமிழரான நம் மக்கள் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து ஜூலை 28இல் புறப்பட்டு நடந்து வந்தவர்கள் ஆகஸ்ட் 12இல் இங்கே சேர்ந்தார்கள். கோப்பித் தோட்டக் காலத்தில் முன்னோர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து வந்த பாதை அது. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். மாத்தளை வரைக்கும் உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்ட அம்மன்தான் முத்துமாரி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

நடந்து வந்தவர்களுக்கு நாங்கள் மோர் கொடுத்தோம். அதில் ஓர் இளைஞர், கொழும்பில் வேலை பார்க்கிறவர், என்னிடம் தன் பாட்டன் பெயர் தெரியும், பூட்டன் பெயர் தெரியாது என்றார். அவருடைய பாட்டனுக்கு ஊர் நாமக்கல் பக்கம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் எங்கள் இருவர் வீட்டிலும் கேட்க ஆளில்லை.

பொகவந்தலாவையிலிருந்து:

வருகிறவர்களை வரவேற்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் லயத்தைப் பார்க்க வந்த ஒரு தம்பதி, "இதையெல்லாம் இடித்துவிடாதீர்கள், இது வரலாறு" என்று கேட்டுக்கொண்டார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த வரலாற்றுக்குள் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் நாங்கள் ஆறு பேர் படுத்து எழுகிறோம். மழைக்காலத்தில் சுவர் ஊறும். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் லயம் முழுவதும் எரியும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது.

ஏழு பேர்ச் (நில அளவு) காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் எங்கள் தோட்டத்தில் சிலர் இருக்கிறார்கள். அந்த வீட்டு வாசலில் என் மச்சான் ரோஜாச்செடி நட்டிருக்கிறான்; தன் பெயரில் காணி உள்ள முதல் ஆள் அவன், எங்கள் குடும்பத்திலேயே. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அது போதும். மற்ற லயங்களைக் கீழே இறக்குங்கள்.

ஹப்புத்தளை ஆசிரியை மீண்டும்:

பொகவந்தலாவைத் தம்பி சொல்வது முழுக்கச் சரி. நாங்கள் காப்பாற்ற வேண்டியது சுவரை விட அப்பாயி மாதிரி ஆட்கள் மனதில் வைத்திருக்கும் விவரத்தை. லயம் இடிக்கப்படுமுன் அதில் எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள், அங்கிருந்து எங்கே போனார்கள் என்று என் மாணவர்கள் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

தேடி வர நினைக்கிறவர்களுக்கு: தோட்டத்தின் பெயரோடு பிரிவைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கங்காணியின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தத் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டல் எங்கே இருந்தது, மாசியில் யார் காமன் கம்பம் ஊன்றினார்கள், அருச்சுனன் தபசுக் கூத்தில் யார் தபசு மரம் ஏறினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்த அடையாளங்கள் ஆண்டுக் கணக்கை விட நன்றாகப் பிடிபடும். பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். தோட்டத்து முகவரி அதில் இருக்கக்கூடும்.

இன்னொன்று. கூடலூர் அம்மாவின் சின்னம்மா இந்தியாவுக்குப் போகவில்லை. கல்யாணம் முடித்து ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். தோட்டத்தின் பெயர் தெரியவில்லை. கணவர் தப்படிப்பதில் பேர் எடுத்தவராம், காமன் கூத்துக்குப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் அவரைக் கூப்பிடுவார்களாம். ராகலை, உடப்புசல்லாவைப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். அந்த அம்மா அடுத்த மாசியில் மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.