மறு: ‘எபிசில் டெடிகேட்டரி’க்குத் தமிழில் ‘கையடை மடல்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘சமர்ப்பணம்’ ஏற்கெனவே இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நாம் பேசுவது ‘என் அம்மாவுக்கு’ என்று ஒற்றை வரியில் முடிகிற பக்கத்தைப் பற்றி இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரசங்க நூல்களில் முகப்புக்கு அடுத்து, நூலை ஒரு பிரபுவுக்குச் சமர்ப்பித்து ஆசிரியர் எழுதிய ஒரு முழுக் கடிதமே இருக்கும். அதுதான் ‘எபிசில் டெடிகேட்டரி’ (epistle dedicatory). மேலே அந்தப் பிரபுவின் பட்டங்கள் பெரிய எழுத்தில் வரிவரியாக இறங்கி வரும், அப்புறம் பக்கம் பக்கமாகப் பேச்சு, கடைசியில் கீழ்க்கோடியில் பணிவாக ஆசிரியரின் கையொப்பம். ‘காணிக்கை’ இங்கே ஒத்துவராது, தேவாலயத்தில் அது ஆராதனையில் எடுக்கிற பணம். ‘நிருபம்’ என்றால் பைபிளில் கடிதங்கள் எழுதிய பவுல்தான் நினைவுக்கு வருவார்.

இங்கிலாந்து திருச்சபையின் குருவான ஜெரமி டெய்லரைப் பாருங்கள். மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் 1645இல் கார்டிகனில் பிடிபட்டு, விடுதலையானபின் வேல்ஸில் கோல்டன் குரோவ் மாளிகையில் ஒதுங்கியவர். கார்பரி ஏர்ல் (பிரபுப் பட்டம்) ரிச்சர்ட் வாகன் அவரைத் தம் வீட்டுக் குருவாக வைத்துக்கொண்டார். அங்கே செய்த பிரசங்கங்களில் 28ஐ 1651இல் அச்சிட்டபோது அதே ஏர்லுக்குத்தான் கடிதம் எழுதி முன்னால் வைத்தார். மன்னர் முதலாம் சார்லஸின் தலை விழுந்து இரண்டே வருஷம், திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்துக்கோ 1645 முதலே தடை. மன்னர் பக்கம் நின்ற ஒரு குரு அந்த நாளில் இப்படி எழுதுவது நன்றி மட்டுமில்லை, ‘இந்தப் புத்தகத்துக்கு நீங்கள் காவல்’ என்று ஒப்படைப்பதும்கூட.

ஒப்படைப்பதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: கையடை. தசரதன் ராமனை விசுவாமித்திரரிடம் ஒப்புவிக்கிற படலத்துக்குக் கம்பராமாயணத்தில் ‘கையடைப் படலம்’ என்றே பெயர். கடிதம் என்பதால் மடலையும் சேர்த்தேன்.

நன்னூல் என்ற இலக்கண நூலில் சீயகங்கன் என்ற சிற்றரசன் பெயர் வருகிறதே, நூலையும் ஆசிரியரையும் அறிமுகப்படுத்தும் ‘சிறப்புப் பாயிரம்’ என்ற பெயரே போதாதா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே அவன் கேட்டு நூல் பிறந்தது, அந்தச் செய்தியைப் பாயிரம் நமக்குச் சொல்கிறது, அவனை நோக்கிப் பேசவில்லை. நீங்கள் சொன்ன ‘புரவலர் மடல்’ எனக்கும் பிடித்தது, ஆனால் புரவலர் எழுதியதா, புரவலருக்கு எழுதியதா என்று குழப்பும். ‘கையடை’ என்பது ‘கையாடல்’ போல ஒலிக்கிறது என்ற கவலை நியாயமானதுதான். மடல் சேர்ந்துவிட்டால் அந்த மயக்கம் வராது என்று நம்புகிறேன்.

சரி, ஒற்றை வரிக்குச் சமர்ப்பணமே இருக்கட்டும், கடிதமாக இருந்தால் கையடை மடல். கிறிஸ்தவ நூல்களில் பழகியவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவசியம் எழுதுங்கள்.