மின்சேமிப்புத் திட்டம்: என் மாடல் சொல்லும் சேமிப்பு மீட்டரில் வரவில்லை, எங்கே தவறுகிறேன்?

மின்கணக்கு:
மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன், உதவுங்கள். பழைய ஃபிரிட்ஜைக் கொடுத்துவிட்டு மானியத்தில் புதியது வாங்கிக்கொள்ளும் திட்டம் ஒன்று. விருப்பமுள்ள வீடுகள் சேரலாம், சேர்ந்தால் அக்கம்பக்க வீடுகளோடு ஒப்பிட்டு மாதாமாதம் ஓர் அறிக்கையும் வரும். முதல் கட்டத்தில் சேர்ந்த 1,900 வீடுகள், சேராத 6,000 வீடுகள், 20 மாத பில் டேட்டா கையில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகள் சேர்ந்தது ஒன்பதாம் மாதத்தில். வீட்டுக்கு வீடு, மாதத்துக்கு மாதம் உள்ள வேறுபாட்டைக் கழித்து ரிக்ரெஷன் (ஒரு காரணத்தின் தாக்கத்தை மட்டும் பிரித்துப் பார்க்கும் புள்ளியியல் கணக்கு) ஓட்டினால், சேர்ந்த வீட்டில் நுகர்வு 14 சதவீதம் குறைகிறது.

அந்த எண்ணை சிமுலேஷனில் (கணினியில் நடத்திப் பார்க்கும் மாதிரிக் கணிப்பில்) போட்டு இரண்டாம் கட்டத்தைக் கணித்தேன். நூற்றுக்கு 30 வீடு சேர்ந்தால் பகுதியின் மொத்த நுகர்வு 4 சதவீதத்துக்கு மேல் இறங்க வேண்டும். சொன்னபடியே வீடுகள் சேர்ந்தன, ஆனால் இறங்கியது சுமார் 1 சதவீதம்தான்.

வெப்பநிலையைச் சேர்த்தேன், நுகர்வுக்கு லாக் (மடக்கை) எடுத்தேன், விபரீதமான ரீடிங் உள்ள வீடுகளை நீக்கினேன், 14 அசையவில்லை. இந்தக் கணக்கை நம்பித்தான் அடுத்த ஆண்டுக்குப் பணம் ஒதுக்கப் போகிறார்கள், தவறான எண்ணைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய மீட்டர்:
முதலில் ஒரு சின்ன விஷயம், கோப்பில் பில் மாதம் என்று இருப்பது ரீடிங் எடுத்த மாதமா, கரண்ட் செலவான மாதமா என்று பார்த்துவிடுங்கள். ஆனால் 14 அதனால் வந்திருக்காது. காலண்டரை விட்டுவிட்டு, ஒவ்வொரு வீடும் சேர்ந்த மாதத்தைப் பூஜ்யமாக வைத்து, முன்னும் பின்னும் உள்ள நுகர்வை (சேராத வீடுகளின் சராசரியைக் கழித்து) ஒரே படத்தில் வரையுங்கள். அப்புறம், சேர்ந்தவற்றில் ஓர் இருபது வீட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, படம் வந்த பிறகு சொல்கிறேன்.

மின்கணக்கு:
பில் மாதம் சரியாகத்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. முதல் மூன்று மாதம் கோடு தட்டையாகப் போகிறது, சேர்வதற்கு ஐந்து மாதம் இருக்கும்போதே ஏறத் தொடங்கி, சேரும் மாதத்துக்கு முந்தைய மாதம் உச்சம் தொட்டு, பிறகு பழைய இடத்துக்கே கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ஒரு வீட்டின் யூனிட்களை அப்படியே தருகிறேன்: 185, 187, 184, 208, 236, 259, 281, 296. இங்கே சேர்ந்தார்கள். அடுத்து 183, 180, 182.

பழைய மீட்டர்:
சந்தேகப்பட்டது இதைத்தான். அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? கதவு ரப்பர் தளர்ந்து குளிர் கசிந்திருக்கலாம், அல்லது கேஸ் குறைந்து கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியிருக்கலாம். பில் எகிறியது, அந்த நேரத்தில் திட்டம் கண்ணில் பட்டது, சேர்ந்துவிட்டார்கள். சேர்வதற்கு முந்தைய எட்டு மாதச் சராசரி 229.5, பின்னால் சுமார் 182, ஆகவே ரிக்ரெஷன் சுமார் 21 சதவீதச் சேமிப்பு என்கிறது. 185-லிருந்து பார்த்தால் சேமிப்பு 2 சதவீதம்கூட இல்லை.

தொழிற்பயிற்சித் திட்டங்களில் சேருகிறவர்களின் வருமானம் சேர்வதற்குச் சற்று முன்பு சரிந்திருப்பதைப் பொருளாதார அறிஞர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் 1978-லேயே காட்டினார். உங்கள் டேட்டாவில் அதே விஷயம் தலைகீழாக இருக்கிறது.

உச்ச மாதங்களை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். திட்டமே இல்லையென்றால் அந்த வீடு என்ன செய்திருக்கும் என்பதுதான் கேள்வி. பழுதான ஃபிரிட்ஜோடு எத்தனை மாதம் ஓட்டியிருப்பார்கள்? ரப்பரை மாற்றியிருப்பார்கள், அல்லது சொந்தக் காசில் புதியது வாங்கியிருப்பார்கள். அந்த விடை இந்த டேட்டாவில் இல்லை.

கார்முகில்:
இரண்டாம் கட்டத்தில் அழைப்பு எப்படிப் போனது? ஒரே நாளில் எல்லோருக்குமா?

மின்கணக்கு:
இல்லை, கடிதம் மூன்று தவணையாகப் போனது. எந்தத் தெருவுக்கு எந்தத் தவணை என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்களாம்.

கார்முகில்:
அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது கையிலேயே இருக்கிறது! குலுக்கல் என்பதால், கடிதத்தைத் தவிர தெருக்களுக்குள் வேறு வித்தியாசம் சராசரியாக இருக்காது. சேர்ந்தவர், சேராதவர் என்று பிரிக்கவே பிரிக்காதீர்கள். கடிதம் வந்த தெருக்களையும் இன்னும் வராத தெருக்களையும் முழுதாக ஒப்பிடுங்கள், சேராத வீடுகளும் உள்ளே இருக்கட்டும். கிடைக்கும் வித்தியாசத்தைச் சேர்ந்தவர் விகிதத்தின் வித்தியாசத்தால் வகுத்தால், கடிதத்தால் சேர்ந்த வீட்டின் சேமிப்பு வரும். அமெரிக்காவின் மிச்சிகனில் வீடுகளின் வெப்பக் காப்பைச் சீர்செய்யும் திட்டத்தை இப்படித்தான் சோதித்தார்கள் (கட்டுரை 2018-ல் வந்தது). பொறியியல் மாடல் சொன்ன சேமிப்பு, மீட்டரில் கிடைத்ததைப்போல மூன்று மடங்குக்கும் மேல். உங்களுக்கு நேர்ந்தது புதிதல்ல.

ஒரு எச்சரிக்கை, கடிதமே நுகர்வை மாற்றலாம். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், "உங்கள் மின் நுகர்வைக் கவனிக்கிறோம்" என்ற அளவில் வாரம் ஒரு அஞ்சலட்டை மட்டும் அனுப்பினார்கள், வேறு ஒன்றும் செய்யவில்லை, அதற்கே 2.7 சதவீதம் குறைந்தது. அட்டை நின்றதும் அந்தக் குறைவும் போய்விட்டது. நீங்கள் தேடும் எண்ணே சுமார் 3 சதவீதம்தான் (நூற்றுக்கு 30 வீடு சேர்ந்து மொத்தம் 1 சதவீதம் இறங்கியதே) என்றால் இது சின்ன விஷயமல்ல, முதல் இரண்டு மாதத்தைத் தனியாகப் பாருங்கள்.

ஓம் விதி:
சிமுலேஷன் பக்கமும் ஒரு கோளாறு இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே குறைவு விகிதம் வைத்திருக்கிறீர்கள். சேருவது ஒரு முடிவு, சேர்ந்தபின் எவ்வளவு குறைகிறது என்பது வேறு, இரண்டையும் தனித்தனிப் படியாக எழுதுங்கள், இரண்டும் பழைய நுகர்வைப் பொறுத்து மாறட்டும். ஒப்பீட்டு அறிக்கை பற்றி 6 லட்சம் வீடுகளில் நடந்த ஆய்வில் (பொருளாதார அறிஞர் ஹன்ட் ஆல்காட், 2011) சராசரிக் குறைவு 2 சதவீதம், ஆனால் அதிகம் செலவழிக்கும் மேல் பத்தில் ஒரு பங்கு வீடுகளில் 6.3, மிகக் குறைவாகச் செலவழிக்கும் பத்தில் ஒரு பங்கில் வெறும் 0.3. ஏற்கெனவே குறைவாகச் செலவழிப்பவருக்கு "நீங்கள் சராசரிக்குக் கீழே" என்று சொன்னால் அவர் தாராளமாகிவிடவும் கூடும், 2007-ல் கலிஃபோர்னியாவில் சுமார் 290 வீடுகளில் அதைப் பார்த்தார்கள்.

இன்னொன்று, முதலில் சேர்ந்த 1,900 வீடுகளை வைத்து மற்றவர்களைக் கணிப்பதே ஆபத்து. ஆல்காட் ஆராய்ந்த அதே அறிக்கைத் திட்டம் முதல் 10 இடங்களில் தந்த அளவு பலன், அடுத்து வந்த 101 இடங்களில் கிடைக்கவில்லை. அடுத்த கட்டத்தில் ஏசியையும் சேர்க்கும் யோசனை இருந்தால் மெக்சிகோவைப் பாருங்கள்: ஃபிரிட்ஜ் மாற்றிய வீடுகளில் சராசரியாக 8 சதவீதம் குறைந்தது, ஏசி மாற்றிய வீடுகளில் நுகர்வு ஏறியது. புது ஏசி குறைந்த கரண்டில் ஓடுகிறது என்று கூடுதல் நேரம் போட்டிருக்கலாம்.

மின்கணக்கு:
நேற்று இரவு முழுக்க இதில்தான் இருந்தேன். கடிதம் வந்த தெருக்களில் மொத்த நுகர்வு 1.1 சதவீதம் குறைவு, சேர்ந்தவர் விகிதத்தில் வித்தியாசம் நூற்றுக்கு 31 வீடு, ஆக ஒரு வீட்டுக்கு 3.5 சதவீதம். முதல் இரண்டு மாதத்தை நீக்கினால் 3.1. 14 எங்கே, இது எங்கே! இரண்டு படியாகப் பிரித்து எழுதிய மாடலும் இப்போது மொத்த மீட்டரோடு ஒத்துப்போகிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று, பிழை எல்லையை (இந்த எண் எவ்வளவு முன்பின் ஆகலாம் என்ற வரம்பை) வீடு வாரியாகக் கணக்கிடவா, தெரு வாரியாகவா? வீடு வாரியாக என்றால் எல்லை மிகக் குறுகலாக வருகிறது.

பழைய மீட்டர்:
குலுக்கல் தெருவுக்குத்தானே போட்டார்கள், அப்படியானால் தெரு வாரியாகத்தான். எல்லை விரியும், விரியட்டும், அதையும் சேர்த்தே அவர்களிடம் கொடுங்கள். 14-ஐ ஏற்கெனவே யாருக்காவது அனுப்பியிருந்தால் இன்றே திருத்தி எழுதிவிடுங்கள்.