ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? சான்றுகளைப் பிரித்தறிய எந்த வயதில் கற்றுத்தருவது?

குடந்தை டீச்சர்:
ஏழாம் வகுப்பில் முதன்மைச் சான்று (அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டது), இரண்டாம் நிலைச் சான்று (அவற்றைப் படித்துப் பின்னால் எழுதியது) பற்றிப் பாடம். "சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?" என்று கேட்டேன். பாதி வகுப்பு "நந்தினி" என்றது. அவள் பொன்னியின் செல்வனில் கல்கி படைத்த பாத்திரம். சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களைத் துரோகிகள் என்று உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்றேன். ஒருவரும் நம்பவில்லை. மூன்றாம் வகுப்பிலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

பேராவூரணி அப்பா:
எனக்கு உடன்பாடில்லை டீச்சர். என் மகளுக்கு எட்டு வயது. சோழர் என்ற பெயரே அவளுக்கு அந்தக் கதையால்தான் தெரியும். "அது இரண்டாம் நிலை" என்று ஒதுக்கினால் வரலாற்றையே விட்டுவிடுவாள்.

குடந்தை டீச்சர்:
நாவல் இரண்டாம் நிலைச் சான்றுகூட இல்லை சார், புனைவு. கல்வெட்டுகளைப் படித்து நீலகண்ட சாஸ்திரி எழுதிய சோழர் வரலாறுதான் இரண்டாம் நிலை. கதையைத் தாராளமாகப் படிக்கட்டும், கதை என்று தெரிந்து படிக்கட்டும்.

காட்டுமன்னார்கோயில்காரன்:
அது எங்கள் ஊர்க் கல்வெட்டு, அதனால் சொல்கிறேன். அதைக் கொலை விசாரணை அறிக்கை மாதிரி நடத்தாதீர்கள். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. கொலை நடந்து 15 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. துரோகிகளின் நிலத்தையும் உறவினர்களின் நிலத்தையும் என்ன செய்வது என்பதுதான் அதில் விஷயம். ஏன் கொன்றார்கள் என்று ஒரு சொல் கிடையாது. "முதன்மைச் சான்று என்றால் உண்மை" என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்தால் நந்தினியே தேவலாம்.

குடந்தை டீச்சர்:
அந்த 15 ஆண்டு இடைவெளியை நான் வகுப்பில் சொல்லவில்லை, என் தவறுதான். நாளைக்கே சொல்கிறேன். ஆனால் யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று நீங்கள் கேட்டீர்களே, அந்தப் பழக்கத்தைத்தான் சின்ன வயதிலேயே கொடுக்கச் சொல்கிறேன்.

பேராவூரணி அப்பா:
பாடப்புத்தகச் சொற்கள் இல்லாமல் அந்தப் பழக்கம் மட்டும் என்றால் சரி. அதற்குச் சோழர் வரை போக வேண்டாம், 2018 கஜா புயல் போதும். எங்கள் தென்னைகள் நள்ளிரவிலேயே சாய்ந்தன என்கிறேன் நான். விடியற்காலையில்தான் என்கிறார் என் அம்மா. இருவரும் அன்றிரவு ஒரே வீட்டில்தான் இருந்தோம். மகள் அப்போது கைக்குழந்தை. இருவரிடமும் கேட்டு அவளே எழுதட்டும்.

குடந்தை டீச்சர்:
நிவாரணத்துக்கு மரங்களைக் கணக்கெடுத்த சீட்டு வீட்டில் இருந்தால் அதையும் அவள் கையில் கொடுங்கள் சார்.