ஸ்ட்ரூப் சோதனை: ‘சிவப்பு’ மட்டும் தாமதமாகப் பதிவாகிறது

தமிழ் ஸ்ட்ரூப் சோதனையில் (ஒரு நிறத்தின் பெயர் வேறு நிறத்தில் எழுதப்பட்டிருக்கும்; எழுத்தின் நிறத்தை வாயால் சொல்ல வேண்டும்) வாய்ஸ் கீ, அதாவது குரல் தொடங்கும் கணத்தைப் பதியும் கருவி, தரும் நேரத்தை நம்ப முடியவில்லை. இடம் சென்னை, முன்னோட்டத்தில் 12 பேர், ஆளுக்கு 160 முறை. சொல்லே இல்லாத வெறும் நிறக் கட்டத்துக்குக்கூட, ‘பச்சை’யைவிட ‘சிவப்பு’ சுமார் 70 மில்லி செகண்ட் பிந்துகிறது. சகரம் மெல்லிய உரசலாகத் தொடங்குவதால் கருவி அடுத்து வரும் இகரத்தில்தான் விழித்துக்கொள்கிறது. ‘நீலம்’, ‘மஞ்சள்’ இரண்டிலும் மூக்கொலியால் ஓரளவு இதே சிக்கல்.

கருவி விழிப்பதற்கான குறைந்தபட்ச ஒலி அளவைக் குறைத்தேன்: ஃபேன் சத்தமும் ஆட்டோ ஹாரனும் பதிலாகப் பதிவாயின. (மே மாதத்தில் ஃபேனை அணைத்தால் யார் உட்காருவார்கள்?) மைக்கை 5 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தேன்: பகரத்தின் காற்று அடித்தது. விசை அழுத்தும் முறைக்கு மாறினால் ஸ்ட்ரூப் விளைவே (சொல்லும் நிறமும் முரண்படும்போது வரும் தாமதம்) குறையும். பிராட் (Praat) என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் அலைவடிவம் பார்த்துக் கையால் குறித்தால் சரியாக வருகிறது, ஆனால் மொத்தம் 1,920 பதிவுகள்.

உரசொலி, மூக்கொலித் தொடக்கங்களைத் தானாகக் குறிக்கும் பிராட் ஸ்கிரிப்ட், தமிழ்ப் பேச்சில் ஓட்டிப் பார்த்தது, யாரிடமாவது இருக்கிறதா?