மறு: ஆர்க்யுமென்ட், ரிட்டர்ன் வேல்யூ – தமிழில்?

அனைவருக்கும் வணக்கம்.

> பாராமீட்டர், ஆர்க்யுமென்ட் இரண்டுக்கும் 'அளபுரு' போதாதா? எல்லோரும் மாற்றி மாற்றித்தானே சொல்கிறார்கள்?

பேச்சில் சரி ஐயா, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிப் பாடம் எழுதும்போது இடிக்கிறது. வரியுடன்(விலை, விழுக்காடு) என்றொரு செயற்கூறு (ஃபங்ஷன்), விலையோடு வரியைக் கூட்டித் தருவது. விலை, விழுக்காடு இரண்டும் அளபுருக்கள், வெறும் பெயர்கள். தொகை = வரியுடன்(500, 18) என்று அழைக்கும்போது உள்ளே போகும் 500, 18 வேறு சங்கதி. வரியுடன்(500) என்று மட்டும் அழைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் வாய் திறக்காது. விழுக்காடு 'அன்டிஃபைன்ட்' (மதிப்பு தரப்படாதது) ஆகி, கணக்கு 'நேன்' (எண் அல்ல) என்று வந்து நிற்கும். அப்போது செயற்கூற்றின் லெங்த் (அறிவித்த பெயர்களின் எண்ணிக்கை) 2, உள்ளே ஆர்க்யுமென்ட்ஸின் லெங்த் (அனுப்பிய மதிப்புகளின் எண்ணிக்கை) 1. இரண்டையும் 'அளபுருக்களின் எண்ணிக்கை' என்று எழுதினால் படிக்கிற பிள்ளை எதை நம்பும்?

ஆர்க்யுமென்ட்டுக்குச் 'செயலுருபு' புழக்கத்தில் உண்டுதான். ஆனால் உருபு என்றதும் ஐ, ஆல், கு அல்லவா முன்னால் வந்து நிற்கின்றன? நமக்கு வேண்டியது மதிப்பு. 'இடுமதிப்பு' என்கிறேன். விதை, உரத்தை 'இடுபொருள்' என்கிறோமே, அதே வழக்கு.

> ரிட்டர்ன் வேல்யூ = திருப்பு மதிப்பு

திருப்பிக் கொடுப்பது என்றால் வாங்கியதையே கொடுப்பது. இங்கே 500 வாங்கி 590 தருகிறது. (வட்டியோடு என்று யாரும் கிளம்ப வேண்டாம்!) தமிழ் நிரல்மொழியான எழிலில் ரிட்டர்னுக்கு வரும் 'பின்கொடு'விலும் அந்த வாடை கொஞ்சம் உண்டு. என் வாக்கு 'விடைமதிப்பு'க்கு. ரிட்டர்ன் வந்ததும் செயற்கூறு விடை தருகிறது, விடைபெற்றும் கொள்கிறது. அதற்குக் கீழுள்ள வரிகள் ஓடுவதில்லை.

பாடத்திலும் இது உதவும். காட்டும் கட்டளையான கன்சோல்.லாக் போட்டுத் திரையில் 590 வந்துவிட்டால், வேலை முடிந்தது என்று மாணவர்கள் ரிட்டர்னை விட்டுவிடுகிறார்கள். பிறகு தொகையில் பார்த்தால் அன்டிஃபைன்ட். 'காட்டியது விடைமதிப்பு ஆகாது' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஒன்று மிச்சம். ஜாவாஸ்கிரிப்டின் 2015 பதிப்பிலிருந்து விழுக்காடு = 18 என்று அளபுருவிலேயே எழுதலாம். அதை 'முன்னிருப்பு (டிஃபால்ட்) அளபுரு' என்பதா, 'முன்னிருப்பு இடுமதிப்பு' என்பதா? இடுமதிப்பு வராதபோதும், அன்டிஃபைன்ட்டையே அனுப்பும்போதும் அந்த 18 வந்து உட்காரும்; 'நல்' (வெற்று மதிப்பு) அனுப்பினால் வராது. அதனால் பின்னதையே விரும்புகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சொற்பட்டியலில் ஏற்ற வேண்டும்.