கொரிய ஒப்பந்தங்கள்: சியோலில் ஆட்சி மாறினால் ஏன் நிற்பதில்லை?

செம்போத்து (கேள்வி):
வடகொரியாவும் தென்கொரியாவும் போட்டவை: 1991 அடிப்படை ஒப்பந்தம், 2000 ஜூன் 15, 2007 அக்டோபர் 4 கூட்டறிவிப்புகள், எல்லைக் கிராமமான பன்முன்ஜத்தில் வெளியான 2018 பன்முன்ஜம் அறிவிப்பு. ஒன்றும் நிலைக்கவில்லை. "வடக்கு வாக்கு மாறும்" என்பதுதான் வழக்கமான பதில். தெற்கின் சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறதா? 2018 அறிவிப்புக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்திருந்தால் தப்பித்திருக்குமா?

கடல்நாரை:
ஓட்டை உண்டு, தெரிந்தே விட்டது. தென்கொரிய அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவுப்படி தீபகற்பம் முழுவதும் தெற்கின் நிலப்பரப்பு. அப்படியானால் வடக்கு வெளிநாடு ஆகாது. அதோடு போடுவது உடன்படிக்கையும் ஆகாது. 1991 ஒப்பந்தத்தின் முன்னுரையே "நாட்டுக்கும் நாட்டுக்குமான உறவல்ல" என்கிறது. அது சட்டப்படி கட்டுப்படுத்தாத, வெறும் கனவான் ஒப்பந்தம் போன்றது என்று அரசியல் சாசன நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதில் லாபமும் இருந்தது: வடக்கு வெளிநாடு அல்ல என்பதால், அங்கே தெற்கு நிறுவனங்கள் நடத்திய கேசாங் தொழிற்பேட்டையில் தைத்த சட்டை உள்நாட்டுச் சரக்காகச் சுங்கவரி இல்லாமல் தெற்கே வந்தது.

இதைச் சரிசெய்யத்தான் 2005-இல் தென்-வட உறவு மேம்பாட்டுச் சட்டம் வந்தது. பெரிய நிதிச்சுமை உள்ள ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். உங்கள் கேள்விக்கான விடை 23-ஆவது பிரிவில் இருக்கிறது: பாதுகாப்பைக் காரணம் காட்டி அதிபர் ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கலாம், ஆனால் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த ஒப்பந்தம் என்றால், நிறுத்தவும் அதே நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டும்.

2018 செப்டம்பரில் பன்முன்ஜம் அறிவிப்புக்கு ஒப்புதல் கேட்கும் மசோதா நாடாளுமன்றத்துக்குப் போனது. கூட இணைத்த செலவுக் கணக்கு 2019-க்கு மட்டும், 47,120 கோடி வொன். "மொத்தம் எவ்வளவு?" என்று எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டது. நியாயமான கேள்விதான். மசோதா அப்படியே காலாவதியானது.

எல்லை மோதலைத் தவிர்க்க அதே ஆண்டு செப்டம்பர் 19-இல் வடக்கோடு போட்ட ராணுவ ஒப்பந்தத்தை அப்போதைய அதிபர் மூன் ஜே-இன் நாடாளுமன்றத்துக்கே அனுப்பவில்லை, அமைச்சரவையோடு முடித்தார். வடக்கு உளவு செயற்கைக்கோள் ஏவிய மறுநாள், 2023 நவம்பர் 22-இல், அதில் எல்லையருகே விமானம் பறக்கத் தடை விதித்த ஷரத்தை நிறுத்த, அடுத்த ஆட்சிக்கும் அமைச்சரவை முடிவே போதுமாக இருந்தது. மறுநாளே வடக்கு மொத்தத்தையும் கைவிட்டது. வந்த வழியிலேயே போயிற்று.

பனங்காடை:
சட்டம் மட்டும் போதாது. ரயிலைப் பாருங்கள். 2018 ஆகஸ்டில் தண்டவாளச் சோதனைக்கு சியோலும் பியோங்யாங்கும் சம்மதித்தன. எல்லைக் கோட்டைக் கடக்க அனுமதி தர வேண்டிய ஐநா படைத்தலைமை மறுத்தது. அதற்குத் தலைமை அமெரிக்கத் தளபதி. பாதுகாப்புக் கவுன்சிலின் தடைவிலக்கு வாங்கிய பிறகு, நவம்பர் 30-இல்தான் 6 பெட்டிகள் வடக்கே போயின. 18 நாள், சுமார் 1,200 கிலோமீட்டர். வெறும் சோதனைக்கே இந்தப் பாடு. மூடிய கேசாங்கை மறுபடி திறக்க சியோல் நாளைக்கே சட்டம் போட்டாலும், கூட்டுத் தொழிலைத் தடுக்கும் 2017-இன் 2375-ஆவது தீர்மானம் குறுக்கே நிற்கும்.

செம்போத்து:
23-ஆவது பிரிவு தெரியாது, நன்றி. அப்படியானால் வடக்கு உடைப்பதை எது தடுக்கும்?

உப்பளம்:
எதுவும் தடுக்காது. கடல்நாரை சொன்ன பூட்டு சியோல் பக்கக் கதவுக்கு மட்டும். எதிரில் உட்காருவது யார் என்பதே தீராத சிக்கல். வடக்கில் அமைச்சரகத்தைவிடக் கட்சி பெரிது. தெற்கின் அமைச்சருக்கு இணை யார் என்று அங்கே ஒரு நாற்காலி கிடையாது. 2013 ஜூனில் நடக்கவிருந்த பேச்சுக்கு, தெற்கு விவகாரங்களைக் கவனிக்கும் கட்சியின் ஐக்கிய முன்னணித் துறைத் தலைவரே வர வேண்டும் என்றது தெற்கு. வடக்கு வேறொருவரை அனுப்புவதாகச் சொல்ல, தெற்கு துணை அமைச்சரை நியமித்தது. அவமானம் என்று வடக்கு முந்தைய நாளே ரத்து செய்தது.

இப்போது அந்தச் சண்டைக்கும் வழியில்லை. "இரண்டு பகை நாடுகள்" என்று கிம் ஜோங்-உன் அறிவித்தபின், 2024 ஜனவரியில் தெற்கோடு பேசும் அமைப்புகளையே கலைத்துவிட்டார்கள். தொலைபேசி அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. இரு கொரியாக்களின் தொடர்பு அலுவலகத் தொலைபேசி தினமும் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடாக இருந்தது. 2023 ஏப்ரல் 7 காலை தெற்கு அடித்தது, வடக்கு எடுக்கவில்லை. மாலையிலும் எடுக்கவில்லை.